வடக்குப் பாறையில் ஒரு முக்குளிப்பு

எங்கள் கேரியாக்கூ தீவுக்கு முக்குளிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள் என்பதுதான். படகு ஆடும்போது குமட்டும். யாரும் கேட்பதில்லை. என் தங்கை கிளெனோராவும் கேட்கவில்லை. அன்று காலை தேங்காய் ரொட்டியும் உப்புக் கருவாடும் இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்றுதான் செய்திருந்தேன்.

காப்பிக்கு நன்றி, சார்ஜென்ட் குவாஷி. நீங்கள் அவசரப்படுத்தாததும் நல்லதுதான். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூபா பயணம் ஏற்பாடு செய்து பழகிப்போனவள். யார் எந்த விமானத்தில் வருகிறார்கள், யாருக்கு எந்த அளவு காலணி, எந்த நாளில் எந்த இடத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும், எல்லாம் முன்கூட்டியே தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

இந்தப் பயணம் என் யோசனை இல்லை. கிளெனோராவின் மகள் டெலிஷாவுடையது. புரூக்ளினில் ஏதோ நீச்சல் குளத்தில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, அம்மாவையும் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். ஒருநாள் போன் செய்தாள்.

"பெரியம்மா, பாட்டிக்குக் கல்லு வைக்க வரோம்ல, அப்ப ஒரு நாள் எங்களைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறீங்க. ஊரு உலகமெல்லாம் உங்க படகுல வந்து குதிக்குது. சொந்தத் தங்கச்சி குதிக்கலன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் பேசுவாள்.

அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நம் ஊரில் கல்லறைக்குக் கல் நடுவது மெதுவாகத்தான் நடக்கும். கடல் தாண்டிப் போனவர்கள் வந்து சேர வேண்டும், ஊருக்கே சமைத்துப் போட வேண்டும். கிளெனோராவுக்கு இந்த வருடம்தான் அமெரிக்கக் குடியிருப்புக் காகிதங்கள் கைக்கு வந்தன. அதற்கு முன்னால் அந்த நாட்டை விட்டு வெளியே வந்திருந்தால் அவளால் திரும்பிப் போயிருக்க முடியாது. டெலிஷாவின் படிப்பு அங்கே இருந்தது.

நான் மனதார ஏற்பாடு செய்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். கடல் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தேன். புதுக் கொசுவலை வாங்கினேன். கிளெனோராவின் இடுப்பளவு கேட்டு, அவளுக்குச் சரியாக இருக்கும்படி முக்குளிப்பு உடையைத் தைத்துப் பெரிதாக்கினேன். பயணத்துக்கு அரைநிலா நாளைத்தான் முதலில் குறித்திருந்தேன். தெற்கே ஆமைகள் மேயும் கடலடிப் புல்தரை. அங்கே தண்ணீர் நகர்வதே தெரியாது.

அப்புறம் கல் வந்தது. சரக்குப் படகில் இருந்து இறக்கி, சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர். அதற்குக் கீழே, "அன்பு மகள்கள் கிளெனோரா, யூட்ரிஸ்."

யூட்ரிஸ் நான்தான், மூத்தவள். அம்மாவைக் குளிப்பாட்டியவள், ஊட்டியவள், படுக்கைப் புண்ணைத் துடைத்தவள். ஆனால் ஒரு கல்லுக்காக இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. சாக்கை மறுபடி மூடினேன். பயணத் திட்டத்தில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். அரைநிலாவுக்குப் பதிலாகப் பௌர்ணமிக்கு மறுநாள். புல்தரைக்குப் பதிலாக வடக்குப் பாறை.

உங்கள் அப்பா மீன் பிடித்தவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் வடக்குப் பாறையில் கடல் ஆறு மாதிரி மேற்கே ஓடும். அந்தப் பக்கம் கரை என்று எதுவும் கிடையாது.

என் வழிகாட்டி மெர்வினுக்கும் அது தெரியும். முந்தின நாள் சிலிண்டர்களை நிரப்பிக்கொண்டே முனகினான்.

"நாளைக்கு வடக்க ஓட்டம் பிச்சிக்கிட்டுப் போகும். பழகாதவங்க. நானும் வந்துடறேன்."

"குடும்பம் மட்டும் போறோம், மெர்வின். நீ ஓய்வெடு."

"உங்க தங்கச்சி என்னைப் பாத்து மயங்கிடுவாங்கன்னு பயமா?" என்றான். நானும் சிரித்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இது புரியாது. கடைசி வருடங்களில் அவள் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள். அங்கிருந்து ஹில்ஸ்பரோ படகுத்துறை தெரியும். பெரிய தீவான கிரெனடாவில் இருந்து படகு வந்து ஆட்கள் இறங்கும்போதெல்லாம் கேட்பாள், "கிளெனோரா வந்துட்டாளா?"

"வருவாம்மா" என்பேன். நான் ஒருநாளும் வரமாட்டாள் என்று சொன்னதில்லை.

தலை வாரிவிடும்போது என்னையே கிளெனோரா என்று கூப்பிடுவாள். அதற்காக நான் கோபித்துக்கொண்டதில்லை. சீப்பைக் கொஞ்சம் அழுத்துவேன், அவ்வளவுதான்.

அம்மா போன செய்தியை அடக்கம் முடிந்த பிறகுதான் கிளெனோராவுக்குச் சொன்னேன். வர முடியாதவளை முன்னாலேயே அழவைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று காலைக்கு வருகிறேன். வானம் துடைத்த மாதிரி இருந்தது. படகில் டெலிஷா அம்மாவைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள்.

"அம்மா, இந்த உடுப்புல நீ கரையொதுங்கின திமிங்கலம் மாதிரியே இருக்க."

"உன்னைச் சுமந்த வயிறுடி. வேற எப்படி இருக்கும்?"

பிறகு கிளெனோரா எழுந்து வந்து, சுக்கான் பிடித்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காத. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணினேன். ஒரு தடவையாவது அம்மா முழிச்சிருந்திருப்பாளே?"

"உடம்புக்கு முடியாதவ. தூங்கிட்டுத்தான் இருப்பா."

"ஒரு தடவ கூடவா முழிச்சிருக்கல?"

நான் கடலைப் பார்த்தேன். அவள் என் தோளில் கை வைத்தாள்.

"விடு. நீ ஒத்தையா கிடந்து என்ன பாடு பட்டியோ. உன்னைக் கேள்வி கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அப்புறம், அந்தக் கல்லு. உன் பேரைத்தான் முதல்ல போடச் சொன்னேன். செதுக்கினவன் மாத்திட்டான். அதுக்கும் மன்னிச்சிடுக்கா."

அம்மா நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாளா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாற்காலியில்தான் இருப்பாள். மணி அடித்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் வாரம் பூராவும் அழுவாள், சாப்பிடமாட்டாள். யார் சமாளிப்பது? நான்தானே. பாடுபடுகிறவளுக்கு முடிவெடுக்கும் உரிமையும் உண்டு.

கல்லைப் பற்றி அவள் சொன்னதும் படகைத் தெற்கே திருப்பியிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் பாறை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. முக்கால்வாசி வந்தாகிவிட்டது.

ஓட்டம் உள்ள இடத்தில் நாங்கள் நங்கூரம் போடுவதில்லை. கீழே போகிறவர்கள் தண்ணீரோடு போவார்கள், படகு அவர்களுடைய குமிழிகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகும். அவர்கள் எங்கே மேலே வந்தாலும் படகு பக்கத்தில் நிற்கும். இதை நான்தான் அவர்களுக்கு விளக்கினேன். கிளெனோராவின் முகக்கண்ணாடியை நானே இறுக்கிவிட்டேன். "பயமா இருக்குக்கா" என்றாள். "நான் இங்கதானே இருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள்.

கொஞ்ச தூரம் குமிழிகளின் பின்னாலேயே போனேன். கை பழக்கம். பிறகு வேகத்தைக் குறைத்தேன். குமிழிகள் முன்னால் போயின.

அவர்கள் மேலே வந்தபோது நான் தூரத்தில் இருந்தேன், ஆனால் பார்க்க முடியாத தூரத்தில் இல்லை. இருக்கும் இடத்தைக் காட்ட அவர்கள் ஊதிவிட்ட ஆரஞ்சு நிற மிதவை நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இரண்டு தலைகள். டெலிஷா ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசினாள். நானும் கையை வீசினேன். நான் வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம்தான் படகைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து காலைத் தட்டுகளைக் கழுவினேன். படுக்கை விரிப்பை நீவிவிட்டேன். சாயங்காலம் உங்களிடம் ஓடிவந்து, புல்தரைப் பக்கம் இன்ஜின் நின்றுவிட்டது, அவர்களைக் காணோம் என்றேன். நீங்கள் எல்லாப் படகுகளையும் தெற்கே அனுப்பினீர்கள். நானும் உங்கள் கூடவே வந்து, தொண்டை கட்டும்வரை அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வர வேண்டியவர்கள் வராத திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று கிளெனோராவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி. அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை.

டெலிஷா என்ன பாவம் செய்தாள் என்கிறீர்கள். எந்தப் பாவமும் செய்யவில்லை. அவளைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. மகள் கூட வராவிட்டால் கிளெனோரா தண்ணீரில் காலே வைத்திருக்க மாட்டாள். அதனால் அவளும் வேண்டியிருந்தது.

மறுநாள் பக்கத்துத் தீவான பெட்டி மார்ட்டினீக்கின் மீனவர்கள் அந்தப் பெண்ணை மட்டும் உயிரோடு தூக்கிவந்தார்கள் என்று நீங்கள் சொன்னபோது, நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நீங்கள் பார்த்தீர்கள். இருட்டும்வரை அவள் அம்மா அவள் கையை விடவில்லை என்று சொன்னீர்கள். கடைசியாகப் பேச முடிந்தவரைக்கும், "இன்ஜின் நின்னு போயிருக்கும். அக்கா வருவா. நீ பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். நீங்கள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொன்னீர்கள். ஆனால் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. கிளெனோரா என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டு போகவில்லை.

ஆமாம், தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். அவர்களைப் பார்த்த பிறகுதான் திரும்பினேன். நாள் குறித்தது, இடம் குறித்தது, உங்களைத் தவறான பக்கம் அனுப்பியது, எல்லாம் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டெலிஷா ஆஸ்பத்திரியில் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று நர்ஸ் சொல்கிறாள். புரூக்ளினில் இருந்து அவளுடைய சிநேகிதிகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அந்த போனை அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மனசு கலைந்துபோகும். என்னைக் கொஞ்ச நாள் அவள் பக்கத்தில் இருக்க விடுங்கள். அந்தப் பிள்ளைக்கு இனி இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரியே அவளையும் பார்த்துக்கொள்வேன்.