ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

நான் மனுதாரரின் தாய். வயது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில், மருமகளோடும் இரண்டு வயதுப் பேத்தியோடும் வசிக்கிறேன். மகன் ஆறு மாதமாகத் தனியே இருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டு முன்னறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தினேன். மூன்று வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகள். மருமகள் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, நான் கேட்டுக்கொண்டதால், அவர்களுக்கு ஊட்டி, வாய் துடைத்துவிட்டாள். அந்த மாதம் அவளுக்கு நான்கு நாள் லேசான காய்ச்சல் இருந்தது. அதன் பிறகு ஒருநாள் சமையலறை முக்காலியிலிருந்து வழுக்கி உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல அத்தை, தரைக்குத்தான் அடி" என்று சிரித்தாள்.

பேத்திக்கு எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. ஸ்கேனில், அளவாக மடிந்திருக்க வேண்டிய மூளையின் மேற்பரப்பு, கசக்கிய தாள்போலச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக இருப்பதாகச் சொன்னார்கள். இதற்கு இன்னும் எளிய உதாரணம் உண்டு. இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் நீதிமன்ற எழுத்தர் போதும் என்பதால் விடுகிறேன்.

மருமகள் கையில் குழந்தை இருந்ததால் மருத்துவமனைப் படிவத்தை நான் நிரப்பினேன். ஏழாவது கேள்வி, காரணமாக இருக்கக்கூடிய நிகழ்வு. தேர்வில் எந்தக் கேள்வியையும் விடக்கூடாது என்று முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். 'தாய் கவனக்குறைவாக விழுந்தது' என்று எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. கவனக்குறைவு என்ற சொல்லும் என்னுடையது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தன்னிடம் தரக் கேட்கும் மனுவில், என் மகன் அந்தப் படிவத்தைத்தான் ஆதாரமாக இணைத்திருக்கிறார்.

சென்ற மாதம் நரம்பியல் மருத்துவர், பேத்தி பிறந்தபோது எடுத்துவைத்த இரத்தத்துளியைச் சோதித்து என்னை அழைத்தார். "டீச்சர், விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. வயித்துல இருக்கும்போதே ஒரு கிருமி தொத்தியிருக்கு. சின்னப் பிள்ளைங்க எச்சில்ல இருக்கிறது. பெரியவங்களுக்கு வந்ததே தெரியாது" என்றார். எந்தப் பிள்ளையிடமிருந்து என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது. இதுல யாரையும் குத்தம் சொல்லவும் முடியாது" என்றார்.

அதன் பிறகு மகனை வரவழைத்து, அவர், மருமகள் இருவரிடமும் சொன்னேன். மகன், "விழுந்ததுன்னே இருக்கட்டும்மா. மாத்திச் சொன்னா கேஸ் நிக்காது" என்றார்.

மருமகள், "அப்போ நான் இல்லையா, அத்தை?" என்று கேட்டாள்.

"நீ இல்லம்மா. அந்தப் பிள்ளைங்களை உன் கையில குடுத்தவ நான்" என்றேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்து, கழுத்துத் துணியை மாற்றினாள். "கொஞ்சம் பிடிங்க" என்று என் மடியில் கிடத்திவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. மகன் புறப்பட்டுப் போனார். பிறகு அவள் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். குழந்தை அவளிடமே இருக்க வேண்டும்.

நான் சொன்னவாறே இதில் எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
மனுதாரரின் தாய்