லோரியில் போனவர்

மலர் அக்கா, பில்லியர்ட்ஸ் கம்பு வாங்கும்போது அதன் வேலைப்பாட்டைப் பார்க்கக் கூடாது. எல்லாரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். அடிப்பகுதியில் முத்துச்சிப்பி பதித்திருக்கும், கைப்பிடியில் நூல் சுற்றியிருக்கும், கண் அதிலேயே நின்றுவிடும். கம்பை மேசைமேல் உருட்டிப் பார்க்க வேண்டும். நுனி துள்ளாமல் உருண்டால் கம்பு நேராக இருக்கிறது. பிறகு லேசாகத் தட்டிக் காதால் கேட்க வேண்டும். உள்ளே எங்காவது பசை விட்டிருந்தால் அதிர்கிற சத்தம் வரும். டொமினிக் அண்ணன் செய்த கம்பில் அந்தச் சத்தத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மோனோரயில் பாதையை ஒட்டிய கடைவீட்டு மாடியில் அவருடைய பட்டறை. வருஷத்துக்கு இருபது கம்புதான் செய்வார். ஒவ்வொன்றிலும் வார்னிஷுக்கு அடியில் அவர் கையெழுத்து இருக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருஷமாகக் கடைசல் மெஷின் என் பொறுப்பு. போன தீபாவளிக்கு எனக்கே எனக்கென்று ஒரு கம்பு கொடுத்தார். கருங்காலி அடி, மேப்பிள் நுனி.

"வெச்சுக்கடா சேவுகா. ஆடத் தெரியலன்னாலும் பரவால்ல, வித்துடாத" என்றார்.

அவர் மனைவி டொரத்தி அக்கா பக்கத்தில் நின்று சிரித்தார். "வித்தா எனக்கு கமிஷன் குடுத்துரு லா."

வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க ஏஜென்ட் ஐயாயிரம் வெள்ளி கேட்ட விஷயத்தை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ தூங்க மாட்டாய். கொடுக்காவிட்டால் அந்த மாதமே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கிள்ளானில் காசிவிஸ்வநாதன் என்று ஒரு முதலாளி கம்பு சேகரிக்கிறார். அவரிடம் கம்பைக் காட்டினேன். உருட்டினார், தட்டினார், காதருகே வைத்துக் கேட்டார். இரண்டாயிரம் என்றார்.

"கம்பு ஒண்ணாம் நம்பர் தம்பி. ஆனா டொமினிக்குக்கு வயசு நாப்பத்தாறுதான். நாளைக்கே இதே மாதிரி இன்னொண்ணு செய்வாரு. செய்யற கை இருக்கிற வரைக்கும் செஞ்சதுக்கு விலை ஏறாது."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் அதுதான் நிலவரம்.

மறுநாள், திங்கட்கிழமை, அவரே பட்டறைக்குப் போன் செய்தார்.

"டொமினிக் இருக்காரா?"

"இல்லண்ணே, போயிட்டாரு."

"என்னப்பா சொல்ற? எப்ப?"

"காலையில."

"எப்படி?"

"லோரியிலண்ணே. பந்திங் ரோட்டுல."

"ஆண்டவா" என்றார்.

அண்ணன் பந்திங்கில் மரம் எடுப்பதற்காக நண்பர் ஒருவரின் லோரியில் போயிருந்தார். அடுத்த நாள் திரும்புவார். நான் சொன்னது அவ்வளவுதான். 'பந்திங்குக்கு' என்ற ஒரு சொல் விட்டுப்போனது. நம் பாஷையில் ஒரு சொல் குறைந்தால் ஒரு மனிதரே குறைந்துவிடுகிறார், என்ன செய்ய.

"அந்தக் கம்புக்கு ஒம்பதாயிரம் தரேன். வேற யாருகிட்டயும் பேசாத" என்றார், குரலைத் தாழ்த்தி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கைபேசியில் பணம் வந்த சத்தம் கேட்டது. அரை மணியில் ஆள் அனுப்பிக் கம்பை வாங்கிக்கொண்டார். ஏஜென்ட்டுக்கு ஐயாயிரம் போனது. மீதி அன்றே உனக்கு வந்தது. கிடைத்தது என்று பதிலும் போட்டிருந்தாய்.

மாலையில் மறுபடி அழைத்தார். "புதன்கிழம காலையில துக்கம் கேக்க வரேன். அவங்க கிறிஸ்தவங்க, மலர்வளையந்தானே வெக்கணும்? நமக்கு அந்த முறை தெரியாது."

"வேணாம்ணே. அக்கா யாரையும் பாக்கறதில்ல."

"பதினஞ்சு வருஷப் பழக்கம்பா. போன்ல கேக்கறது மரியாதையா? நேர்ல வந்தாத்தான் முறை."

துக்கம் கேட்க வருகிறவரை வராதே என்று யாரும் சொல்ல முடியாது.

புதன்கிழமை அண்ணனே கதவைத் திறந்தால் நான் மோசடிக்காரன் ஆகிவிடுவேன். காசிவிஸ்வநாதன் போலீஸில் சொல்வார், பெர்மிட் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அண்ணன் என்னைப் பார்த்து, "வித்துட்டியாடா?" என்று கேட்பார். அதட்ட மாட்டார், மெதுவாகத்தான் கேட்பார். அவ்வளவு நல்ல மனிதர். அவர் மனசு நோகக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கொகோபோலோ என்று ஒரு சிவந்த மரம் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. அதன் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அண்ணனுக்கு ஆஸ்துமா. நான் அதைக் கடையும்போது அவர் வெளியே போய்விடுவார். தூளை இழுக்கும் விசிறி ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் உள்ளே வருவார். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் அதைக் கடைந்துகொண்டிருந்தேன். விசிறியைப் போடவில்லை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பந்திங்கிலிருந்து எனக்கு ஒரு பொட்டலம் வாழைப்பழ கோரெங், நம்மூர் பஜ்ஜி மாதிரி, வாங்கி வந்திருந்தார். அதை மேசைமேல் வைத்தபோதே இருமல் வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து கையால் துழாவினார்.

"சேவுகா, இன்ஹேலர்..."

"தேடறேண்ணே" என்றேன்.

தேடினேன். ஐந்து இழுப்பறைகளையும் திறந்து பார்த்தேன். எதிலும் இல்லை. அது காலையிலிருந்தே என் சட்டைப்பையில் இருந்தது. அண்ணன் கடைசல் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் என் கையை விடவில்லை. எல்லாம் அடங்கியதும் இன்ஹேலரை இழுப்பறையில் பின்னால் தள்ளி வைத்தேன், ஜன்னல்களைத் திறந்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எப்போது செய்தாய் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை சொன்னபடியே காசிவிஸ்வநாதன் மலர்வளையத்தோடு வந்தார். சவப்பெட்டி அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தது. டொரத்தி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பந்திங்லேருந்து நல்லாத்தாண்ணே வந்தாரு. நேத்து மூணு மணிக்குத்தான்... மூச்சு விட முடியாம..."

காசிவிஸ்வநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கீழே இறங்கும்போது படியில் நின்றார்.

"லோரின்னு சொன்னியே."

"பந்திங்குக்கு லோரியிலதாண்ணே போனாரு."

செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு நிறைய நேரம் ஆனது. மாட்டி முடித்ததும் நிமிர்ந்து, "சரி. கம்பு எங்கிட்டயே இருக்கட்டும். நான் உன்ன ஒண்ணும் கேக்கல" என்றார். அதற்குப் பிறகு அவரும் போன் செய்யவில்லை. அந்தக் கம்பு இப்போது ஒன்பதாயிரத்துக்கு எங்கும் கிடைக்காது. அவர் நஷ்டப்படவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

நேற்று டொரத்தி அக்கா பட்டறைக்கு வந்தார். அரைகுறையாக நிற்கிற பதினொரு கம்புகளையும் என்னை முடிக்கச் சொன்னார். முடித்து, அண்ணன் கையெழுத்தையும் நானே போட வேண்டுமாம்.

"உன் கை அவரு கை மாதிரியே இருக்கு லா. வாங்கறவனுக்குத் தெரியவா போவுது?"

முடியாது என்று சொல்லிவிட்டேன், அக்கா. செத்தவர் பெயரைப் போட்டு விற்றால் அது ஊரை ஏமாற்றுவது. நம் வீட்டில் யாரும் அப்படிப் பிழைத்ததில்லை.