வெட்டிப் பூ

பூக்காமல்லாம் இல்லைங்கண்ணே! அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். பூக்குது. கொத்துக் கொத்தா பூக்குது. கொடி பின்பக்கச் சுவர்ல ஏறி, துணி காயப்போடுற கம்பியப் புடிச்சு, பாத்ரூம் ஜன்னல் வழியா உள்ள வந்து எட்டிப் பாக்குது. இலை ஒண்ணொண்ணும் முறம் அகலம். ஆனா காய்? ம்ஹூம்! ரெண்டு தடவ போட்டாச்சு, ஒரு பூசணிக்காய... ஒண்ணே ஒண்ண... இந்தக் கையில ஏந்துனதில்ல.

அட, கண்ணத் தெறக்காதீங்க! புதுசா வந்திருக்கீங்களா? சொட்டு மருந்து விட்டா மூடிக்கிட்டேதான் உக்காரணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ, மூணு தடவ விடுவாங்க. கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சப்புறம்தான் டாக்டர் பாப்பாரு. நானும் மூடிக்கிட்டுத்தான் பேசறேன். மருந்து கண்ணுக்குத்தான, வாய்க்கு இல்லையே. எனக்கு டோக்கன் இருபத்தி ரெண்டு. இன்னும் ஒரு யுகம் ஆகும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பூசணி. தோட்டம்னா பெரிய தோப்பு தொரவுன்னு நெனச்சுக்காதீங்க. பின்பக்கம் எட்டுக்குப் பத்து இடம். அதுல நான் போடாதது எது? கத்திரி, தக்காளி, வெண்டை, கீரை, ஓரத்துல சாமந்தி, ரோஜா. பனிக் காலத்துல வந்து பாக்கணும் நீங்க! சாமந்தி அப்படியே மஞ்சப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும். வெயில் காலத்துல பாதி செத்துடும், மீதிய நான் பாத்திரம் கழுவுன தண்ணி ஊத்திக் காப்பாத்துவேன். மழை வந்துச்சோ, நத்தை! எங்கேர்ந்துதான் வருமோ, சொந்தக்காரங்க மாதிரி கூட்டமா வந்து, தின்னுட்டு, ஒரு வார்த்த சொல்லாம போயிடும். விடிஞ்சும் விடியாம ஒரு வாளிய எடுத்துக்கிட்டுப் பொறுக்குவேன். எங்க வீட்டுக்காரர் ஜன்னல்ல நின்னு "இன்னைக்கு எத்தனை?"ன்னு கேப்பாரு. கீழ எறங்கி வர மாட்டாரு.

அவரு டெய்லர். கைராசிக்காரர்தான், இல்லைங்கல. ஆனா தோட்டத்துக்கு அவரு செஞ்ச ஒரே உதவி, ரவிக்கை வெட்டுன மிச்சத் துணியக் கிழிச்சுக் குடுத்ததுதான், கொடி கட்டறதுக்கு. செவப்பு, பச்சை, ஜிகினான்னு கட்டி வெச்சிருக்கேன், என் பூசணிக் கொடி கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. ஒரு நாள் கழுத்துல தொங்கற டேப்ப எடுத்து அளந்துட்டு, "இருபத்தி ரெண்டு அடி, கை நீளம் அதிகம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எரியுற வீட்டுல புடுங்குறது லாபம்ங்கற மாதிரி, என் வயித்தெரிச்சல்ல இவருக்கு ஒரு சிரிப்பு.

வெதை யாரு குடுத்தாங்கறீங்களா? அதச் சொல்லத்தான வந்தேன்! என் தங்கச்சி. சின்னவ. கூடப் பொறந்தவ. வேற எங்கயோ இல்ல... இப்ப உங்களுக்கு மருந்து விட்டுட்டுப் போனாளே, நீலக் கோட்டு, அவதான்! ஷ்ஷ்... மெதுவா. பூனை மாதிரி நடப்பா. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது.

போன வருஷம் மழைக்கு முன்னாடி, ஒரு காகிதத்துல மடிச்சு ஆறு வெதை குடுத்தா. "அக்கா, இதப் போடு, நல்லாக் காய்க்கும்"னா. போட்டேன். ஆறும் மொளச்சுச்சு. எரு போட்டேன், சாம்பல் போட்டேன், கொடி போச்சு, பூ வந்துச்சு... அப்புறம் அந்தப் பிஞ்சு இருக்கே, கோலிக்குண்டு சைசுக்கு வரும், மூணாம் நாள் பாத்தா மஞ்சளாகி, சூம்பி, சொத்துனு கீழ விழுந்து கெடக்கும். தெனம் கூட்டிக் கூட்டி அள்ளுவேன். பெத்த வயிறு மாதிரி எரியும் எனக்கு.

சரி, நம்ம மண்ணு ராசி அப்படின்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன். அப்பதான் சின்னவ மகளுக்கு வேலை கெடச்சிருக்குன்னு எல்லாரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. போறேன்... அங்க கட்டிலுக்கு அடியில பதினோரு பூசணி! உருட்டி உருட்டி வெச்சிருக்கா! அதே வெதையாம்! எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேணாம், நானே சொல்லிடறேன். அத்தனை பேரு முன்னாடி, சோத்துல கை வெச்சபடியே கேட்டுட்டேன். "சொத்தை வெதைய எனக்குத் தள்ளிட்டு, நல்லத நீ போட்டுக்கிட்டியாடி? வெதையில கூடவா வஞ்சனை?"ன்னேன். அவ மொகம் செத்துப் போச்சு. எழுந்து அடுப்படிக்குள்ள போனவதான். அன்னையோட சரி. வருஷம் ஒண்ணாச்சு. பேச்சு வார்த்தை கெடையாது.

அப்புறம் ஒரு பூசணிய மட்டும் அவ வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பிச்சா. கொழுப்பப் பாத்தீங்களா? திருப்பி அனுப்பலாம்னுதான் வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். ஏழு கிலோ. கை கடுத்துப் போச்சு. அப்புறம் அது மேல எதுக்குக் கோவம், காய் என்ன பாவம் பண்ணுச்சு, நாலு நாள் வெச்சுத் தின்னோம். ருசின்னா ருசி. அந்தக் கோவம் வேற எனக்கு.

ஒண்ணு தெரியுமா, அவளுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி. சின்ன வயசுலேர்ந்தே ஊமைக் கோட்டான். நாமதான் எல்லாத்தையும் வெளிய கொட்டிடுவோம், அவ உள்ளயே வெச்சுக்கிட்டு... ஆ! யம்மா! எரியுதே!

...போயிட்டாளா? பாத்தீங்களா, பாத்தீங்களா! இல்ல, பாத்திருக்க முடியாது. கேட்டீங்களா? "மேல பாருங்கம்மா"ங்கறா. அம்மாவாம்! "ங்க" வேற! அவளுக்குத் தலை பின்னி விட்டவ நான். உங்களுக்கு விடறப்ப மட்டும் "கொஞ்சம் எரியும்யா, பொறுத்துக்கோங்க"ன்னு தேனா சொன்னாளே. எனக்கு அதுவும் இல்ல.

ஏன் இங்கயே வரேன்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுலேர்ந்து நாலு தெரு தள்ளி ஒரு கண் டாக்டர் இருக்காருதான். இங்க வர்றதுக்கு ரெண்டு பஸ் மாறணும். ஆனா அவரு சரியாப் பாக்க மாட்டாராம். யாரோ சொன்னாங்க. யாருன்னு ஞாபகம் இல்ல. இந்த வருஷத்துல இது மூணாவது தடவ. டாக்டரே கேக்கறாரு, "உங்களுக்குக் கண்ணாடி பவர் மாறவே இல்லையே, ஏம்மா அடிக்கடி வரீங்க?"ன்னு. மங்கலாத் தெரியுது டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அத விடுங்க. ரெண்டாவது தடவ கடையில வெதை வாங்கிப் போட்டேன். பாக்கெட்டுல படம்லாம் போட்ட வெதை. அதுவும் இதே கதை! பூ, பிஞ்சு, சொத்து! எங்க வீட்டுக்காரர் மெஷின மிதிச்சுக்கிட்டே கேக்கறாரு, "அப்ப தப்பு உன் தங்கச்சி வெதையில இல்லையோ?"ன்னு. அது வேற, இது வேறன்னுட்டேன். எப்படி வேறன்னு கேட்டாரு. பதில் சொல்லணுமா என்ன? ஊசியப் பாத்துத் தைங்க, வெரலக் குத்திக்கப் போறீங்கன்னுட்டு உள்ள வந்துட்டேன்.

பராமரிப்புல கொறையே வெக்கலண்ணே. சத்தியமா. கொழந்தைய வளக்கற மாதிரி. காலைல எழுந்ததும் மொத வேலை என்ன தெரியுமா? பல்லு கூட வெளக்க மாட்டேன், வெட்டிப் பூவக் கிள்ளிடுவேன். வெட்டிப் பூன்னா... உங்களுக்குத் தெரியாதா? பூசணியில பாருங்க, பத்து பூ பூத்தா ஒண்ணு ரெண்டுக்குத்தான் பின்னாடி பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். மத்ததெல்லாம் வெறும் காம்பு. நீளமா, ஒல்லியா, சும்மா மினுக்கிக்கிட்டு நிக்கும். காய்க்கவா போகுது? வேலை வெட்டி இல்லாம செடியோட சத்த உறிஞ்சிக்கிட்டு! எங்க வீட்டுக்காரரோட தம்பி ஒருத்தர் இருக்காரு, அச்சு அசல் அப்படித்தான். அதனால ஒண்ணு விட மாட்டேன். தேனீ வர்றதுக்கு முன்னாடியே நறுக் நறுக்னு மொத்தத்தையும் கிள்ளி, ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி, சாப்பாட்டு மேசையில மெதக்க விட்டுடுவேன். சத்தெல்லாம் பிஞ்சுக்குப் போகட்டும்னு.

என்ன சிரிக்கறீங்க?

...என்னது?

...என்ன பூ? ஆம்பளப் பூவா?

பூவுல ஏதுங்க ஆம்பள பொம்பள... இருங்க, நீங்க என்ன வேலை பண்றீங்க? ... காய்கறி வெள்ளாமையா? எவ்வளவு நாளா? ... முப்பது வருஷமா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ... ம். ... ம். ... அந்த மஞ்சத் தூளு, அது அந்த வெறும் பூவுலதான் இருக்குமா? ... தேனீ எடுத்துக்கிட்டுப் போயி இதுல தடவினாத்தான்... இல்லன்னா? ... பிஞ்சு மஞ்சளாகி... மூணாம் நாள்...

ஐயோ.

ரெண்டு போகம்ணே. தெனமும். ஒண்ணு விடாம!

நான் என்ன கண்டேன்? எங்க வீட்டுல ஆம்பளைங்க யாரும் ஒரு துரும்பையும் நகத்தறதில்ல, பூவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். ... யாரக் கூப்பிடறாங்க? பதினேழா? யாரோ எழுந்து போறாங்க. போகட்டும், நம்ம நம்பர் வர நாளாகும். நீங்க இருங்க, எனக்கு இத யார்கிட்டயாவது சொல்லியாகணும்.

கிண்ணத்துல அழகா மெதக்க விட்டு வெச்சிருந்தேனேண்ணே! வர்றவங்க எல்லாம் "எவ்வளவு நல்லா இருக்கு"ன்னாங்க. நானே கொன்னு நானே ஜோடிச்சிருக்கேன். அந்தப் பழிய எடுத்து அவ தலையில போட்டு... நாலு பேரு முன்னாடி, அவ மக வேலைக்குப் போற நல்ல நாளு அன்னைக்கு... வஞ்சனைன்னு சொன்னேனே. அவகிட்டயா வஞ்சனை? எனக்கு ஆப்பரேஷன் ஆனப்ப, இங்க வேலைய முடிச்சுட்டு நேரா வந்து பதினஞ்சு நாள் என் கால் மாட்டுல படுத்தவ. அவ நல்லதப் பொறுக்கித்தான் குடுத்திருப்பா. ஆறுக்கு ஆறு மொளச்சுச்சே, சொத்தையா இருந்தா மொளைக்குமா? அது கூடத் தோணல எனக்கு.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... டாக்டர் நல்லாப் பாக்க மாட்டாருன்னு யாரும் சொல்லலண்ணே. இங்க வந்தாத்தான் அவ கை என் மொகத்துல படும். தாடையப் புடிச்சு நிமித்துவா பாருங்க, அந்த ரெண்டு நிமிஷம். அதுக்குத்தான் ரெண்டு பஸ்ஸு. பேசலன்னாலும் பரவால்ல, இருக்காளேன்னு இருக்கும். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்ட போயி, தப்பு எம் மேலதான்டின்னு சொல்லுவேன்? நீங்க வேணா... நீங்க பெரியவரு, சொன்னாக் கேப்பா... நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன். என்னண்ணே, பதிலே காணோம்? தூங்கிட்டீங்களா?

அண்ணே?

...ஐய, பரவால்ல, நானே தொடச்சுக்கறேன். மருந்து வழியுது, வேற ஒண்ணும் இல்ல. நீங்க எதுக்கு... இது என்ன, பஞ்சா? உங்ககிட்ட ஏது பஞ்சு?

...

நீயாடி?

எப்ப வந்து உக்காந்த? அந்த அண்ணன் எங்க? ... பதினேழா! அவரா பதினேழு? சொல்லிட்டுப் போகக் கூடாதா மனுஷன்! ... எதுலேர்ந்து கேட்ட? ... எல்லாத்தையுமா? ... சரி. கேட்டுட்டல்ல. நான் திரும்ப ஒரு தடவ சொல்ல வேண்டியதில்ல. ... இல்ல, சொல்றேன். தப்பு எம் மேலதான். கிள்ளுனது நான். உன்னச் சொன்னது பாவம்.

என்ன? ... உனக்குத் தெரியுமா? எங்க வீட்டு மேசையில பூ மெதந்தத, அன்னைக்கு அடுப்படியில யோசிச்சுப் பாத்தப்பவே? ... பாவி, அப்ப ஏன்டி சொல்லல! ... போன் பண்ணியா? எப்ப? ... மூணு தடவயா? ... ஆமா, எடுத்தேன். எடுத்து, "என்ன சொல்லப் போற"ன்னு கேட்டு... நான்தான் பேசினேன். மூணு தடவயும் நான்தான் பேசி, நான்தான் வெச்சேன். அதுக்கப்புறம் நீ பண்ணல.

சரி. இந்தா, நிமிந்துட்டேன். மூணாவது சொட்ட விடு. வாயத் தெறக்க மாட்டேன். நீ பேசுடி. நான் கேக்கறேன்.