நல்லூர்ச் சந்தில் கடல் சட்டம்

— ஏனுங்க, எதுத்தாப்ல டெம்போ வருதுன்னு தெரிஞ்சும் காரை எதுக்குங்க வலது பக்கம் ஒடிச்சீங்க?

— நேருக்கு நேர் வந்தா ரெண்டு கப்பலும் வலது பக்கந்தான் ஒதுங்கோணும், ஜெயா. கை அப்படியே பழகிப்போச்சு.

— இது நல்லூருங்க. இங்க எடது பக்கம் ஒதுங்குவாங்க. அவிய ஒழுங்கா ஒதுங்குன பக்கமே போயி மூக்குக்கு மூக்கு நிக்கறீங்க. இஞ்சினும் நின்னுபோச்சு.

— சிங்கப்பூர் பக்கம் முந்நூறு மீட்டர் கப்பலைத் திருப்புன ஆபீசர் நானு. இந்தக் காருகிட்டத்தான் மானம் போகுது.

— ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் எடுங்க.

— இரு. வலை விரிச்ச படகு, பாய்மரம், இதுக்கெல்லாம் நாங்க வழி விடோணும். ஆனா இந்தக் காராட்டம் கட்டுப்பாடு போன கப்பலுக்கு எல்லாருமே வழி விடோணும். அடையாளத்துக்கு ரெண்டு கருப்பு உருண்டையைத் தொங்க விட்டாப் போதும்.

— உங்க கழுத்துல தொங்க விடறனுங்க. நாளைக்குக் கப்பலேறுனா ஆறு மாசம். எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போனீங்கன்னா எனக்குச் சோறு எறங்காதுங்க.

— உங்கப்பாவே மொதல்ல பேசட்டுமே?

— அவரு கம்பெனி பனியனை ஆசையாக் குடுத்தாரு. 'கப்பல்ல இஞ்சின் தொடைக்க ஆகும் மாமா'ன்னு சொன்னது யாருங்க?

— தமாசுக்குச் சொன்னேன். எங்க கப்பல்லயே யாரும் சிரிக்காத தமாசு அது. குறுக்க வந்தா, தனக்கு வலது பக்கம் எதுத்த கப்பலைப் பாக்கறவன் ஒதுங்கோணும். உங்கப்பா எனக்கு வலதா எடதான்னு ரெண்டு வருசமாப் பாத்துட்டே இருக்கேன்.

— நல்லாப் பாத்தீங்க. டெம்போ லைட்டு கண்ணைக் கூசுது... அமத்திட்டாங்க. ஐயோ, ஏனுங்க! ஸ்டேரிங்ல எங்கப்பாங்க!

— மாமாவா? அப்ப ரிவர்ஸ் எடுத்தர்றேன்.

— ஒதுங்கறீங்களா, ஓடறீங்களா?

— ஓடறேன், ஜெயா. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது? எறங்கிட்டாரு... நேரா இங்கதான் வர்றாரு. கியரு வேற விழ மாட்டேங்குது!

— கண்ணாடிய எறக்குங்க. வாங்கப்பா.

— இரு கண்ணு. ரிவர்ஸ் எடுக்காதீங்க மாப்ள, உங்கூட்டுக்குத்தான் கெளம்பி வந்தனுங்க. இஞ்சின் தொடைக்கன்னு நம்ம கம்பெனிக் கழிவுத் துணியில நல்லதா நானே பொறுக்கி, ஒரு மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கறனுங்க.