வரிசையில் நிற்கும் அழைப்பு

— நான் குத்தம் சொல்லலைம்மா. அவசர பட்டன் அவன் கழுத்துலயே தொங்கிச்சு. நெஞ்சு வலிச்சா அமுக்காமயா இருந்திருப்பான்? அமுக்கியிருந்தா உன் ஃபோன் அலறியிருக்கும். அவ்வளவுதான் சொல்றேன்.

— எட்டு மாசமா அதைத்தான் சொல்றீங்க அண்ணி. அதான் இன்னிக்கு அலாரம் கம்பெனியிலேருந்து இவரை வரச்சொன்னேன். உங்க தம்பி அமுக்கினாரா, எனக்கு ஏதாவது வந்துச்சா, ரெண்டையும் இந்தப் பெட்டியே சொல்லட்டும்.

— மேடம், செருப்பு ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திக்கட்டுமா? கையே போகலை. யாரு இதை இங்க கொண்டுவந்து மாட்டினது?

— என் வீட்டுக்காரர்தான். உங்க கம்பெனி ஆளுங்க கண்ணுக்கு நேரா மாட்டிட்டுப் போனாங்க. இவர் கழட்டி செருப்புக்குப் பின்னாடி மாட்டினார். திருடனுக்குத் தெரியக்கூடாதாம்.

— திருடனை விடுங்க மேடம், எனக்கே தெரியலை. ரூம் ரூமா தேடினேன்.

— என் தம்பி எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வான் சார். அம்மா போனப்புறம் அவனை வளத்தவ நான். ஃபோனுக்குச் செய்தி அனுப்புறது இந்தச் சின்னப் பெட்டிதானா?

— ஆமா மேடம், நெட்வொர்க் மாட்யூல். மத்ததெல்லாம் உள்ளுக்குள்ள கத்தும். வெளிய போய்ச் சொல்றது இது ஒண்ணுதான். சிவப்பு லைட் எரியுது பாருங்க. எத்தனை நாளா எரியுது?

— தெரியலை. செருப்புக்குப் பின்னாடிதானே எரிஞ்சிருக்கு.

— ஒண்ணுமில்ல மேடம், பழைய ஃபர்ம்வேர். இதுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர். போன வருஷம் கம்பெனியில சர்வரை மாத்திட்டாங்க. புதுசு பண்ணாதவங்க பெட்டியெல்லாம் ஊமையாயிடுச்சு.

— அதை ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா சார்?

— சொல்லியிருக்காங்க மேடம். கதவுகிட்ட இருக்கற இந்த ஸ்கிரீன்லயே கேட்டிருக்கு. 'இப்போது புதுப்பிக்கவா, பிறகா?' பதினோரு தடவை 'பிறகு' அமுக்கியிருக்கு.

— அது அவர்தான். அவருக்கு எல்லாமே பிறகுதான். டாக்டரைப் பாக்கறதும் பிறகுதான்.

— செத்தவனை வாய்க்கு வந்தபடி பேசாதே. அவன் இங்க துடிச்ச நேரம் நீ கண்ணாடிக் கடையில ஃப்ரேம் மாட்டி மாட்டி அழகு பாத்துட்டிருந்தே. நான் குத்தம் சொல்லலை.

— சொல்லலைதான். வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லாமயே இருந்தீங்க. உங்க மருமகன், நான் பெத்த பையன், என்கிட்ட பேச்சை நிறுத்தினது கூட நீங்க ஒண்ணுமே சொல்லாததுனாலதான்.

— மேடம், அன்னிக்கு என்ன தேதி? எல்லாம் இதுக்குள்ள பதிவாகியிருக்கும். பாத்துடலாம்.

— பதினேழு, வியாழக்கிழமை. பத்தே முக்காலுக்குக் கிளம்பினேன். ஒண்ணேகாலுக்குத் திரும்பினேன்.

— பத்து நாப்பத்தாறு, வாசக்கதவு மூடினது. அது நீங்க. அப்புறம்... பதினொண்ணு நாப்பது, கழுத்துப் பட்டன். நாப்பத்தொண்ணு, பட்டன். நாப்பத்திமூணு, பட்டன்.

— மூணு தடவையா?

— மூணு தடவை மேடம். மூணுக்கும் எதிர்ல 'அனுப்ப முடியவில்லை'ன்னு இருக்கு.

— கேட்டீங்களா அண்ணி? எனக்கு எதுவும் வரலை. கடையில ஃபோனைக் கையிலதான் வெச்சிருந்தேன். அன்னிக்கே சொன்னேன்.

— எனக்கென்னம்மா தெரியும். பெத்தவ மாதிரி வயிறு எரிஞ்சுது, ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன்.

— ரெண்டு இல்லை. 'கொன்னுட்டா'ங்கறது ஒரே வார்த்தைதான் அண்ணி.

— மேடம்... கால் யாருக்குப் போகணும்னு சார் போட்டிருக்கறதும் தெரியுது. ஒரே ஒரு பேர்தான். 'வீடு'.

— பாத்தியா? உன்னைத்தான் போட்டு வெச்சிருக்கான். இப்ப திருப்தியா?

— நம்பர் என்னன்னு இருக்கு?

— இதுல பேர் மட்டும்தான் மேடம் தெரியும். புதுசு பண்ணினா நம்பரும் வரும். ஆரம்பிக்கட்டா? யாரும் சுவிட்ச்ல கை வெச்சிடாதீங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா பெட்டி அவ்வளவுதான்.

— ஆரம்பிங்க.

— இன்னொண்ணு மேடம். அன்னிக்குப் போகாத கால் இன்னும் வரிசையில நிக்குது. லைன் கிடைச்சதும் அதுவா கிளம்பிடும். வீணா மனசுக்குக் கஷ்டம். அழிச்சிடட்டா?

— அழிச்சிடுங்க சார். பட்டதெல்லாம் போதும்.

— அழிக்காதீங்க. எனக்கு வரவேண்டியது அது. எட்டு மாசம் கழிச்சாவது வந்து சேரட்டும். இதோ, ஃபோனை மேசை மேல வெச்சிட்டேன். சத்தத்தையும் கூட்டிட்டேன்.

— எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அதான் உன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே.

— தப்பைப் பத்தி இல்லை அண்ணி. இருபத்தாறு வருஷத்துல அவர் என்கிட்ட உதவின்னு ஒண்ணு கேட்டதில்லை. தலைவலிக்கு மாத்திரை கூட அவரே எழுந்து போய் எடுத்துப்பார். கடைசியில என்னைத்தான் கூப்பிட்டார்னு ஒரு தடவை காதால கேட்டுடறேன்.

— எம்பது... தொண்ணூறு... ஆச்சு. அணைஞ்சு எரியும், பயப்படாதீங்க. பச்சை! வந்துடுச்சு மேடம், லைன் வந்துடுச்சு. கால் கிளம்பிடுச்சு.

— ஒண்ணும் வரலையே.

— போயிட்டிருக்கு மேடம். அந்தப் பக்கம் ரிங் ஆகுதுன்னு காட்டுது.

— என் ஃபோன் சும்மா கிடக்கு, பாருங்க. அண்ணி... உங்க கைப்பைக்குள்ள.

— இது வேற யாராவது இருக்கும்மா. காலையிலேருந்து பேங்க்காரன் உயிரை வாங்கறான்.

— நம்பர் வந்துடுச்சு மேடம். 'வீடு'. கடைசி நாலு எண் ஆறு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு. உங்களுதா?

— என்னுது இல்லை.

— அது... ஹாஸ்டல்ல சேந்த நாள்லேருந்து அவன் அப்படித்தாம்மா. என் நம்பர் எத்தனை தடவை மாறினாலும் அந்தப் பேர்லதான் எழுதி வெப்பான். வெறும் பழக்கம்மா. சத்தியமா வேற ஒண்ணுமில்லை.

— மேடம், எடுக்கலைன்னா நிக்காது. திரும்பத் திரும்ப அடிக்கும்.

— எடுங்க அண்ணி. உங்க தம்பி வீட்டுக்குக் கூப்பிடுறார்.