முருகையா தப்படித்த பிற்பகல்

ஓடுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மேல்காட்டை நோக்கி. வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றரை. என் தோளில் ஆர்மோனியம். ஒவ்வோர் எட்டுக்கும் துருத்தி தானாகத் திறந்து முனகுகிறது. கீழே கண்ணாடி உடையும் சத்தம். தகரம் விழும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே தப்புப் பறை. சாவு அடி.

அடிப்பவன் முருகையா.

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. போர் வடக்கில் நடந்தது. அங்கே குண்டு வெடித்தால் இங்கே நாங்கள் குடியிருக்கும் லயம் எரியும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கங்காணி மகன். தோட்டத்து இசைக்குழுவின் தலைவன். நாற்காலியில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார் சிவபாலன் வயலின். கடைவீதி பேக்கரியில் வேலை பார்த்த சிங்களவர் பியசேன ட்ரம்பட். மூன்று வகைச் சனத்தையும் ஒரே மேடையில் உட்காரவைத்தவன் நான் என்று பெருமை பேசினேன்.

முருகையாவை ஏற்றவில்லை. அவன் சாதி வேறு. தப்பு சாவுக்கு உரியது. கீழே மண்ணில் நின்று அடிக்கட்டும். அதைச் சொன்னது என் வாய். வாத்தியார் தலையாட்டினார். என்னை மல்லி, தம்பி என்று கூப்பிடும் பியசேன மட்டும் ஒருமுறை கேட்டார். "ஏன் மல்லி, அவரு மட்டும் கீழ?" சிரித்து மழுப்பினேன்.

அந்த வியாழன் திருவிழா ஒத்திகை. பிள்ளைக் காம்பராவை ஒட்டிய கூடம். கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகள் பக்கத்து அறையில் தூங்கின. முருகையா வாசலில் காய்ந்த புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். குறுக்குப்பாதையில் பியசேன ஓடிவந்தார். கையில் ட்ரம்பட் இல்லை. முகமெல்லாம் மாவு.

"ஓடுங்க! ரெண்டு லொறியில எரிக்க வாராங்க! ஓடுங்க!"

பெண்கள் எதிர்மலையில் இருந்தார்கள். கூப்பிட்டால் கேட்காது. நான் விழித்துக்கொண்டு நின்றேன். முருகையா கோயில் பாறைமேல் ஏறிவிட்டான். முதலில் பெரட்டு அடி, காலையில் வேலைக்குக் கூப்பிடும் அடி. ஒரு தலையும் திரும்பவில்லை. நிறுத்தினான். பிறகு சாவு அடி.

மலையில் கைகள் நின்றன. கூடைகள் இறங்கின. வாத்தியார் என் சட்டையைப் பிடித்தார். "ஆர் செத்தது?"

ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டை நினைத்து லயத்தைப் பார்த்தாள். கீழ் லயத்தில் புகை எழுந்தது. புரிந்துகொண்டு மேல்காட்டுப் பக்கம் ஓடத் தொடங்கினார்கள்.

"எறங்கி வாடா!" என்று கத்தினேன்.

"நீங்க புள்ளைகளத் தூக்கிட்டுப் போங்கய்யா! மலையில இன்னும் பொம்பளைக நிக்கிறாங்க!"

வாத்தியார் வயலினைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளைத் தூக்கினார். பியசேன இரண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பாக்கியம் இரண்டு. நான் ஆர்மோனியத்தைத் தூக்கினேன். ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை அதைவிடக் கனம் குறைவு.

ஒரு பிள்ளை பாக்கி, செல்வி பாக்கி என்று பாக்கியம், தூக்கிவந்தவர்களை வழியில் வந்த பெண்களிடம் கொடுத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடினார்.

மூன்று ஐம்பது. தப்பு நின்றது. கடைசியாக மூன்று அடி விழுந்தது. நான்காவது விழவில்லை.

விடிந்ததும் இறங்கினோம். முருகையா பாறையடியில் கிடந்தான். அவனுக்காக அடிக்கத் தோட்டத்தில் வேறு ஆள் இல்லை. எங்கள் தோட்டத்தில் முதல்முறையாகச் சத்தமில்லாமல் ஒரு பிணம் போனது.

இப்போது எல்லா மேடையிலும் தப்பு இருக்கிறது. மலையகத்தின் அடையாளம் என்கிறார்கள். போன திருவிழாவில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். கீபோர்ட் வாசித்தவனுக்கு நாற்காலி இருந்தது. தப்படித்தவர்கள் நின்றார்கள். முடிந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு தனியாகப் போனது. நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் அதே வாய்தான்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கீழ் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. ஒரு வயலின். எங்களிடம் ஓடிவந்து சொன்னதற்காக நசுக்கப்பட்ட ஒரு ட்ரம்பட். பியசேன ஊரைவிட்டே போனார். வாத்தியார் யாழ்ப்பாணம் போனார், திரும்பவில்லை. ஒன்பது குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. இறந்தவர்கள் மூன்று பேர். முருகையா, வயது முப்பத்தொன்று. பாக்கியம், ஐம்பது. செல்வி, மூன்று.