தொண்ணூற்றொன்பதரை

நாற்பது வாட்ஸ் பல்பு நல்ல பல்பு, ஐயா. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு பல்பைப் போட்டு, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து மூடினால், கோழி அடைகாக்கும் சூடு கால் மணி நேரத்தில் வந்துவிடும். வரவைப்பது பெரிய காரியமில்லை. வந்த சூட்டை இருபத்தொரு நாள் அப்படியே நிறுத்திவைப்பதுதான் காரியம். நடந்ததெல்லாம் அதற்காக நடந்தது. ரைட்டர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவசரமில்லை.

பெயர் சிங்கராயர். வயது ஐம்பத்தொன்று. நீடாமங்கலத்தில் ஓர் அரிசி ஆலையில் வயர்மேன். மனைவி அமலோற்பவம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். புகார் கொடுத்திருக்கும் ஜோஸ்வா அவளுடைய தம்பி. எட்டு வருடமாக மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அக்டோபர் முதல் வாரத்தில் ஆறு வார விடுப்பில் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஊரெங்கும் பிராய்லர் கடைகள் வந்துவிட்டன. நாட்டுக்கோழி கேட்டு அலைகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஒரு பெட்டியில் முப்பது குஞ்சு பொரித்துக் காட்டினால், பத்துப் பெட்டியில் முந்நூறு. இது என் கணக்கு. மாப்பிள்ளை கொண்டுவந்த கலர் டி.வி.யைச் சுற்றியிருந்த தெர்மாகோல் சும்மாதான் கிடந்தது. அதை எடுத்துப் பெட்டி செய்தேன். அமலோற்பவத்துக்கு அவர் கொடுத்த இஸ்திரிப் பெட்டியிலிருந்து, சூடு ஏறினால் கரண்டை நிறுத்தி இறங்கினால் விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி இன்னமும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, போன தடவ வந்தப்ப அத்தான் காளான் போட்டாங்க. அதுக்கு முந்தி தேனீ. இப்ப கோழியா? அத்தானோட டெம்பரேச்சரே ஒரு நெலையா நிக்காது. பொட்டியோடது எங்க நிக்கப் போவுது?"

அமலோற்பவமும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுதானே. மோருக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தேன்.

அக்டோபர் இருபத்து நான்காம் தேதி முப்பது முட்டைகளை வைத்தேன். தேவையான சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத்தான் பயன்படுத்தினேன். அது ஏறும், தானாக இறங்காது. ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு வைக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை உதறியதில் வலது தோள் பிடித்துக்கொண்டது. அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் காலையில் பக்கத்து வீட்டு ஹலீமா கிரைண்டரைப் போட்டால் என் பல்பு மங்கும். நான்கு டிகிரி இறங்கும். ஹலீமா தோசை மாவு அரைத்து விற்பவர். நல்ல பெண்மணி. அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் கிரைண்டர் பெல்ட்டைக் கழற்றிவந்து எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். தெருவில் கொஞ்சநாள் எல்லாரும் உப்புமா சாப்பிட்டார்கள். உப்புமாவால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு முட்டைகளில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. அதன்பிறகு அவற்றை முட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் நான்காம் தேதி மாப்பிள்ளை வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும்போது மழையில் நனைந்துவிட்டார். மறுநாள் காய்ச்சல். அதே ஐந்தாம் தேதி புயல் காற்றில் மின்கம்பம் சாய்ந்தது. லைன்மேன் வீரையன் சைக்கிளை நிறுத்தி, "எப்ப வரும்னு கேக்காதீங்கண்ணே, எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டைகளுக்கு அது பன்னிரண்டாம் நாள். பெட்டி மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குமேல் தாங்காது.

அமலோற்பவத்திடம் ஆறு முட்டைகளைக் கொடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

"நான் என்ன அடைக்கோழியா?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஹலீமாவும் வந்தார். "அண்ணே, எங்க வீட்டுக் கோழி ஒண்ணு அடைக்கு உக்காந்திருக்கு. வெறும் கூடைய அடகாக்குது. முட்டைய அதுக்கிட்ட வைங்கண்ணே, அது பாத்துக்கும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோழி பொரிப்பதில் என்ன இருக்கிறது? அதை எந்தக் கோழியும் செய்யும்.

அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளேயிருந்து முனகினார். போய்த் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். வாயில் நூறு. அக்குளில் தொண்ணூற்றொன்பதரை. ஐயா, அந்த நேரத்தில் என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பார்கள்.

பழைய கைலியைக் கிழித்து, பை பையாக வைத்து ஒரு பட்டை தைத்தேன். பதினாறு முட்டைகள் பிடித்தன. மீதி ஆறும் குளிர்ந்து வீணாயின. நெஞ்சைச் சுற்றி எட்டு, வயிற்றில் நான்கு, அக்குளுக்கு இரண்டிரண்டு. மேலே கம்பளி.

"என்ன அத்தான் இது, முட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"முட்டைதான் மாப்ள. ஒடம்பு சூட்ட இழுக்கும்."

நான் பொய் சொல்லவில்லை. முட்டை சூட்டை இழுக்கத்தான் செய்தது.

டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். மூன்று வேளை மாத்திரை, மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். எனக்கு ஒன்பது நாள் தேவைப்பட்டது. முழு மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் தொண்ணூற்றெட்டுக்கு விழும். கொடுக்காவிட்டால் நூற்றிரண்டுக்கு ஏறும். ஆகவே மாத்திரையைப் பிளேடால் நான்காக நறுக்கினேன். ஏறும்போது கால் மாத்திரை. இறங்கும்போது சுக்குக் கஷாயமும் இன்னொரு கம்பளியும். முட்டையை நாளுக்கு மூன்றுமுறை புரட்ட வேண்டும் என்பதால் மாப்பிள்ளையையும் நாளுக்கு மூன்றுமுறை புரட்டிப் போட்டேன். அவர் பின்கட்டுக்குப் போகும்போதும் டாக்டர் வரும்போதும் பட்டையை அவிழ்த்து என் வயிற்றில் கட்டிக்கொள்வேன். நான் வெறும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. ஐந்து நிமிடத்துக்குமேல் நான் உதவமாட்டேன்.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தேன். அமலோற்பவம்கூடக் கம்பளியை விலக்க வேண்டியிருக்கவில்லை. மணிக்கு ஒருமுறை சூடு பார்த்து நோட்டில் குறித்தேன். டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா எழுதுன வீட்ட நான் பாத்ததில்ல. ஆனா கோடு போட்ட மாதிரி ஒரே அளவா நிக்குதே, இது என்ன காய்ச்சல்?" என்று நெற்றியைத் தடவினார். அந்தப் பாராட்டு எனக்குப் போதும். ஊசி போடட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

அமலோற்பவம் ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பத்தான் என் தம்பிய உங்க தம்பியா பாக்குறீங்க."

இடையில் ஒருமுறைதான் சிக்கல் வந்தது. எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமலோற்பவம் பூசைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, "அத்தான், பசிக்குது. மீன் கொழம்பு கெடைக்குமா?" என்றார். முகம் தெளிந்திருந்தது. வேறு வழியில்லை. அசதி போகக் குளித்தால் நல்லது என்று சொல்லிக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், பன்னிரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். தலையைத் துவட்டாமல் வாசலில் மழைக்காற்றில் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தேன். மாலைக்குள் நூறு வந்துவிட்டது.

"குளிச்சது தப்போ அத்தான்?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"ஒடம்பு ஒத்துழைக்குது மாப்ள. அத மட்டும் பாருங்க" என்றேன்.

பதினெட்டாம் நாளிலிருந்து முட்டையைப் புரட்டக் கூடாது. ஈரமும் கூடுதலாக வேண்டும். எனவே புரட்டுவதை நிறுத்தினேன். கம்பளிக்குள் ஈரத்துண்டு போட்டு, அசையாமல் படுத்திருக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி அவருக்குச் சென்னையிலிருந்து விமானம். அன்றைக்கு அவர் மல்லாந்து படுத்தபடியே அழுதார். கண்ணீர் காதுக்குள் போயிற்று, துடைத்துவிட்டேன்.

"நாள்பட்டா வேற ஆளப் போட்டுருவான் அத்தான். எட்டு வருஷம்... மேனேஜர்கிட்ட நீங்களே ஒரு வார்த்த பேசுங்க."

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்குப் பேசினேன். மேனேஜர் மலையாளி, தமிழ் புரிந்தது. ஜோஸ்வா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அசைவில்லை என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிடும் என்றேன். அவர் தெய்வமே என்றார். பிறகு, அவர் ரொம்ப நல்ல மனிதர் என்றார். ஆமாம், நல்ல மனிதர்தான் என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு நான் பொறுப்பாக முடியாது. சனிக்கிழமை என்று நான் சொன்னது சரியாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார்.

"அத்தான், நெஞ்சுக்குள்ள சத்தம் கேக்குது."

"கேக்கும்."

"கீச்சுகீச்சுங்குது அத்தான்."

"நல்ல அறிகுறி மாப்ள. அசையாதீங்க."

கொஞ்சநேரத்தில் அக்குளிலும் கேட்கிறது என்றார். பிறகு, தனக்குக் காலம் முடிந்துவிட்டது, சாமியாரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். அமலோற்பவம் அழுதுகொண்டே கோயிலுக்கு ஓடினாள். பங்குச்சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து, நெற்றியில் பூசி, செபம் சொல்லத் தொடங்கினார். பாதியில் கம்பளி தானாக அசைந்தது. மாப்பிள்ளையின் கழுத்துக்கடியிலிருந்து ஒரு குஞ்சு, நனைந்த தலையோடு வெளியே வந்து, சாமியாரைப் பார்த்தது. சாமியார் செபத்தை நிறுத்திவிட்டார். அதன் பின்னால் இன்னொன்று வந்தது.

மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எழுந்து ஓடவும் முடியாது, படுத்திருக்கவும் முடியாது. இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கம்பளி விலகியது, பட்டை எல்லார் கண்ணிலும் பட்டது. ஹலீமா குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். பதினாறில் பதின்மூன்று. முதல் முறைக்கு அது மிக நல்ல கணக்கு, ஐயா. அமலோற்பவம் என் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பிளேடும் மாத்திரைத் துண்டுகளும் மேசைமேலேயே இருந்தன. நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை.

மாப்பிள்ளை முழு மாத்திரை சாப்பிட்டு இரண்டே நாளில் எழுந்துவிட்டார். அதற்குள் மஸ்கட்டிலிருந்து அமலோற்பவத்தின் பெயருக்கு அனுதாபத் தந்தி வந்தது. அவருடைய இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அவரே போனில் பேசியும் மேனேஜர் முதலில் நம்பவில்லையாம். இப்போது தஞ்சாவூரில் வேலை தேடுகிறார். கோழிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். அமலோற்பவம் அவரோடு இருக்கிறாள். எனக்குச் சாப்பாடு ஹலீமா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிரைண்டர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அதுவும் வருவதில்லை.

கரண்ட் எத்தனை நாள் கழித்து வந்தது என்று கேட்டீர்கள். வீரையன் நல்ல உழைப்பாளி. ஏழாம் தேதி மாலையே வந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் எரிந்தது. எங்கள் சர்வீஸ் வயர் அறுந்திருக்கிறது, மழை விட்டதும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வயர்மேன் வீடு என்பதால் யாரும் மறுபடி கேட்கவில்லை. வயர் அறுந்திருக்கவில்லை. ஃபியூஸ் கட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை, அமலோற்பவம் பூசைக்குப் போனதும், கட்டையைச் செருகிப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். ஹலீமாவின் கிரைண்டர் ஓடவில்லை அல்லவா, தொண்ணூற்றொன்பதரையில் அப்படியே நின்றது. பல்பு தானாக எரிந்தது, தானாக அணைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை உள்ளேயிருந்து, பசிக்கிறது, மீன் குழம்பு கிடைக்குமா என்று கேட்டார். நான் ஃபியூஸ் கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அவரைக் குளிக்கக் கூப்பிட்டேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை, ஐயா. அதை மட்டும் ரைட்டர் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.